மெய்நிகர் ஃபோட்டான்கள்: கணக்கில் மட்டும் உள்ளவையா, கருவியில் தெரிபவையா?

கதிர்விலகல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் இயற்பியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. ஒளியலையை உள்ளே சிறைப்பிடித்து வைக்கும் ஒத்ததிர்வுக் குழிக்குள் அணுவும் ஒளியும் வினைபுரிவது குறித்து எங்கள் துறைக் கருத்தரங்கில் முக்கால் மணி நேரம் பேசுவதற்காகக் குறிப்பெடுத்துக் கொண்டிருக்கிறேன். குறிப்புகளை அடுக்கிப் பார்த்தபோது, மெய்நிகர் ஃபோட்டான் என்ற ஒரே பெயரைப் பற்றி மூன்று இடங்களில் மூன்று விதமாக எழுதி வைத்திருப்பது தெரிந்தது. அம்மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

முதல் குறிப்பில், அது உலைவுக் கணக்கீட்டின் (சிறிய இடைவினையைப் படிப்படியாகச் சேர்த்துப் போடும் கணக்கின்) ஓர் உறுப்பு மட்டுமே, இயற்கையில் அப்படி ஒரு பொருள் இல்லை என்று இருக்கிறது. இரண்டாவதில், லாம்ப் பெயர்ச்சியும் (ஹைட்ரஜனின் இரு ஆற்றல் நிலைகளுக்கு இடையே தோன்றும் சிறு இடைவெளி) காசிமிர் விசையும் (வெற்றிடத்தில் நெருக்கமாக வைத்த இரு கடத்தித் தட்டுகள் ஒன்றையொன்று இழுப்பது) மெய்நிகர் ஃபோட்டான்கள் இருப்பதற்கான நேரடிச் சான்றுகள் என்று இருக்கிறது. மூன்றாவதில், நிச்சயமின்மைக் கொள்கை அனுமதிக்கும் மிகக் குறுகிய நேரத்திற்கு வெற்றிடம் ஆற்றலைக் கடன் கொடுக்கிறது, அந்தக் கடனில் ஃபோட்டான் தோன்றி, கணக்குத் தீர்ந்ததும் மறைகிறது என்று இருக்கிறது. மூன்றாவது விளக்கம் கேட்பவர்களுக்கு எளிதில் பிடிபடும் என்று எண்ணி அதையே முதல் பக்கத்தில் வைத்திருந்தேன். ஒத்திகையைக் கேட்டுக்கொண்டிருந்த என் வழிகாட்டி ஐயா, "கடன் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று ஹாமில்டோனியனில் காட்டம்மா" என்று மட்டும் சொன்னார். ஹாமில்டோனியன் என்பது அமைப்பின் மொத்த ஆற்றலைக் குறிக்கும் கோவை; அதில் என்னால் காட்ட முடியவில்லை.

ஆகவே இங்குள்ள மூத்தவர்களிடம் கேட்கிறேன். லாம்ப் பெயர்ச்சியில் உண்மையில் அளவிடப்பட்டது எது, அதிலிருந்து மெய்நிகர் ஃபோட்டானைப் பற்றி எவ்வளவு தூரம் சொல்லலாம்? ஆற்றல் கடன் என்னும் விளக்கத்தில் பிழை எங்கே இருக்கிறது? மின்தடையே இல்லாத மீக்கடத்துச் சுற்றுகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் "இரண்டு கியூபிட்டுகள் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகள்) மெய்நிகர் ஃபோட்டான் வழியாக இணைக்கப்பட்டன" என்று இயல்பாக எழுதுகிறார்களே, அங்கும் இதே பொருள்தானா?

---

குழியதிர்வு எழுதியது:

உங்கள் வழிகாட்டி சரியான இடத்தில் விரலை வைத்திருக்கிறார். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அணுவும் மின்காந்தப் புலமும் ஒன்றையொன்று தொடாமல் இருந்தால் ஒவ்வொன்றின் ஆற்றலையும் தனியாக எழுதிக் கூட்டிவிடலாம். அந்தக் கூட்டுத்தொகையைத் தனி ஆற்றல் என்று அழைப்போம். உண்மையான அமைப்பில் இதனோடு இடைவினை உறுப்பு ஒன்றும் சேர்கிறது. மூன்றும் சேர்ந்த முழு ஹாமில்டோனியனின் அடிநிலைக்குத் துல்லியமான ஒரே ஆற்றல் மதிப்பு உண்டு. அது நேரம் செல்லச் செல்லக் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஆனால் அந்த அடிநிலையைத் தனி அணுவின் நிலைகளையும் தனிப் புலத்தின் நிலைகளையும் கொண்டு விரித்து எழுதினால், "அணு கிளர்வு நிலையில், புலத்தில் ஒரு ஃபோட்டான்" என்பது போன்ற உறுப்புகள் சிறிய வீச்சோடு வந்து சேர்கின்றன. அந்த உறுப்பின் தனி ஆற்றல் அடிநிலையின் ஆற்றலோடு பொருந்துவதில்லை. பொருந்த வேண்டிய கட்டாயமும் இல்லை, ஏனென்றால் தனி ஆற்றல் என்பது இந்த அமைப்பில் மாறாமல் காக்கப்படும் அளவே அல்ல. காக்கப்படாத ஓர் அளவு காக்கப்படவில்லை என்பதைத்தான் சிலர் கடன் என்று அழைக்கிறார்கள். கடன் கொடுத்தவரை ஹாமில்டோனியனில் தேடினால் கிடைக்காததற்கு அதுவே காரணம்.

இன்னொரு முறையில், அதாவது ஃபைன்மனின் வரைபட முறையில், கணக்கு வேறு விதமாக எழுதப்படுகிறது. அங்கே ஒவ்வொரு சந்திப்பிலும் ஆற்றலும் உந்தமும் முழுமையாகக் காக்கப்படுகின்றன. ஆனால் உள்கோட்டில் வரும் ஃபோட்டானின் ஆற்றலுக்கும் உந்தத்துக்கும் இடையே சுதந்திர ஃபோட்டானுக்கு இருக்க வேண்டிய தொடர்பு இருக்காது. ஒரு கணக்குப் புத்தகத்தில் "ஃபோட்டான் சரியானது, ஆற்றல் பொருந்தவில்லை" என்றும், மற்றொன்றில் "ஆற்றல் பொருந்துகிறது, ஃபோட்டான்தான் சரியானதன்று" என்றும் எழுதப்பட்டிருக்க, இரண்டும் ஒரே விடையைத் தருகின்றன. உங்கள் குறிப்புகள் முரண்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்: இரண்டு புத்தகங்களின் வரிகளும் ஒரே பக்கத்தில் கலந்துவிட்டன.

இனி லாம்ப் பெயர்ச்சி. டிராக்கின் 1928ஆம் ஆண்டுச் சமன்பாட்டின்படி, ஹைட்ரஜன் அணுவில் மொத்தக் கோண உந்தம் அரையாக உள்ள 2எஸ் நிலையும் 2பி நிலையும் ஒரே ஆற்றலில் அமைய வேண்டும். 1947இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லிஸ் லாம்பும் ராபர்ட் ரெதர்ஃபோர்டும், போர்க்காலத்தில் ரேடாருக்காக வளர்ந்திருந்த நுண்ணலைத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தி, 2எஸ் நிலையில் இருந்த ஹைட்ரஜன் அணுக்களின் கற்றை மீது நுண்ணலையைப் பாய்ச்சினார்கள். 2எஸ் நிலை நீண்ட நேரம் தாங்கும். 2பி நிலையோ உடனே ஒளியை உமிழ்ந்து அடிநிலைக்கு இறங்கிவிடும். ஆகவே, எந்த அதிர்வெண்ணில் கற்றையிலுள்ள 2எஸ் அணுக்கள் திடீரென்று குறைகின்றன என்று பார்த்தால், இரண்டு நிலைகளுக்கும் இடையே உள்ள இடைவெளி கிடைத்துவிடும். அவர்களுக்குக் கிடைத்தது சுமார் 1000 மெகா ஹெர்ட்ஸ். இன்றைய மதிப்பு சுமார் 1057.8 மெகா ஹெர்ட்ஸ். 2எஸ் எலக்ட்ரானின் பிணைப்பாற்றலோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அளவிடப்பட்டது இந்த அதிர்வெண் மட்டுமே. கருத்தரங்கில் இந்த எண்ணை முதலில் எழுதிவிட்டு, பிறகு விளக்கத்துக்குப் போவது நல்லது என்பது என் கருத்து.

அதே ஆண்டு ஜூன் மாதம் ஷெல்டர் தீவில் நடந்த மாநாட்டில் இந்த முடிவைக் கேட்ட ஹான்ஸ் பெத்தே, திரும்பும் வழியில் ஸ்கெனெக்டடிக்குச் செல்லும் ரயிலிலேயே கணக்கைப் போட்டு 1040 மெகா ஹெர்ட்ஸ் என்ற விடைக்கு வந்தார். அவர் செய்தது, எலக்ட்ரான் ஒரு ஃபோட்டானை உமிழ்ந்து தானே திரும்ப உட்கவரும் இரண்டாம் படி உறுப்பைக் கணித்ததுதான். சுதந்திர எலக்ட்ரானுக்கும் அப்படி ஓர் உறுப்பு உண்டு. அது ஏற்கெனவே நாம் அளவிடும் நிறைக்குள் அடங்கியிருக்கிறது என்பதால் அதைக் கழித்தார். மீதி நின்றதே பெயர்ச்சி. நான் முதன்முறை அந்தக் கணக்கை வரி வரியாகப் போட்டுப் பார்த்த இரவு இன்றும் நினைவிருக்கிறது. எல்லையற்றுப் போகும் தொகையில் எதைக் கழிக்க வேண்டும் என்பதை இயற்பியல் அறிவு மட்டுமே சொல்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

1948இல் தியோடர் வெல்டன் இதற்கு ஒரு படத்தைக் கொடுத்தார். வெற்றிடத்திலும் மின்புலத்தின் சராசரி மட்டுமே சுழி. அதன் இருபடியின் சராசரி சுழி அன்று. அந்த ஏற்ற இறக்கம் எலக்ட்ரானை அணுவின் ஆரத்தில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தடுமாற வைக்கிறது. அதனால் அணுக்கருவை ஒட்டியும் காணப்படும் எஸ் எலக்ட்ரானுக்குக் கருவின் கவர்ச்சி சற்றே மங்கித் தெரிகிறது. 2எஸ் மேலே ஏறுகிறது. அழகான படம் இது. ஆனாலும் ஓர் எச்சரிக்கை தேவை. எலக்ட்ரானின் மீது அதன் சொந்தப் புலமே திரும்பச் செலுத்தும் எதிர்வினையிலிருந்தும் இதே விடையைப் பெறலாம். இரண்டுக்கும் எவ்வளவு பங்கு என்பது, சமன்பாட்டில் புலச் செயலிகளை எந்த வரிசையில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும் என்று 1970களிலேயே காட்டப்பட்டது. டாலிபார்டு, துப்போன் ரோக், கோஹன் தனூஜி ஆகிய மூவரும் 1982இல், சமச்சீரான வரிசை ஒன்றைத் தேர்ந்தால் மட்டும் இரண்டு பங்குகளுக்கும் தனித்தனியே இயற்பியல் பொருள் கொடுக்கலாம் என்று வாதிட்டார்கள். அதிர்வெண்ணோ எந்த வரிசையிலும் மாறுவதில்லை.

குழி உங்கள் தலைப்பு என்பதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெற்றிடத்தின் அலைப்பாங்குகள்தாம் (அந்த இடத்தில் மின்காந்த அலை அதிரக்கூடிய வடிவங்கள்தாம்) பெயர்ச்சிக்குக் காரணம் என்றால், பாங்குகளை மாற்றினால் பெயர்ச்சியும் மாற வேண்டும். சூரிச்சில் 2008இல், மீக்கடத்துச் சுற்றாலான செயற்கை அணு ஒன்றை ஒற்றைப் பாங்கு கொண்ட ஒத்ததிர்வியில் வைத்து அளந்தபோது, லாம்ப் பெயர்ச்சி அதன் அதிர்வெண்ணில் 1.4 சதவீதம் வரை இருந்தது. ஹைட்ரஜனின் பத்து லட்சத்தில் ஒரு பங்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மெய் ஃபோட்டானுக்கும் இதே விதி பொருந்தும்: 1985இல் ஹியூலெட், ஹில்ஃபர், கிளெப்னர் ஆகியோர் உயர்கிளர்வு சீசியம் அணுக்களை இரண்டு தட்டுகளுக்கு நடுவே செலுத்தி, உமிழ வேண்டிய அலையின் நீளம் தட்டிடைவெளியின் இரு மடங்கைத் தாண்டியதும் தன்னிச்சை உமிழ்வு அடங்கி, அணுவின் ஆயுள் சுமார் 20 மடங்கு நீண்டதைக் கண்டார்கள்.

ஆகவே உங்கள் முதல் குறிப்பு பெரும்பாலும் சரி, மூன்றாவதை நீக்கிவிடுங்கள். இரண்டாவதில் "மெய்நிகர் ஃபோட்டான்கள் இருப்பதற்கான சான்று" என்பதை அடித்துவிட்டு, "அணுவும் புலமும் பிரிக்க முடியாமல் பின்னிய நிலையில் இருப்பதற்கான சான்று" என்று எழுதலாம்.

---

உறைகலம் எழுதியது:

மேலே உள்ள பதிலோடு உடன்படுகிறேன். ஆனால் "கணக்கின் உறுப்பு மட்டுமே" என்று முதல் குறிப்பை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. நான் மீக்கடத்துச் சுற்றுகளில் வேலை செய்பவன். எங்கள் துறையில் அந்த உறுப்பின் வீச்சுதான் வடிவமைப்பு எண்.

இரண்டு கியூபிட்டுகள் ஒரே ஒத்ததிர்வியோடு இணைந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கியூபிட்டுகளின் அதிர்வெண்கள் ஒன்றே. ஒத்ததிர்வியின் அதிர்வெண் அவற்றிலிருந்து 1000 மெகா ஹெர்ட்ஸ் விலகியிருக்கிறது. ஒவ்வொரு கியூபிட்டுக்கும் ஒத்ததிர்விக்கும் உள்ள இணைப்பு வலிமை 100 மெகா ஹெர்ட்ஸ். ஆற்றல் பொருந்தாததால் முதல் கியூபிட் தன் கிளர்ச்சியை ஒத்ததிர்வியில் ஃபோட்டானாகக் கொட்டிவிட முடியாது. இருந்தும் அந்தக் கிளர்ச்சி இரண்டாம் கியூபிட்டுக்குப் போய்ச் சேர்கிறது. இரண்டு இணைப்பு வலிமைகளைப் பெருக்கி விலகலால் வகுத்தால் 10 மெகா ஹெர்ட்ஸ் கிடைக்கும். அதுவே இரண்டு கியூபிட்டுகளுக்கும் இடையே உள்ள பயனுறு இணைப்பு. முழுப் பரிமாற்றத்துக்கு 25 நானோ நொடி ஆகும். பாதி நேரத்தில் நிறுத்தினால் இரண்டும் பின்னிப்பிணைந்த நிலையில் நிற்கும். ஒரு சிப்பின் இரு முனைகளில் இருந்த கியூபிட்டுகளை இப்படி இணைத்துக் காட்டிய முன்னோடிச் சோதனை 2007இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அதற்கு முன்பே, 2001இல், பாரிஸில் செர்ஜ் அரோஷின் குழுவினர் உயர்கிளர்வு அணுக்கள் இரண்டை ஒத்திசையாத குழி ஒன்றின் வழியே ஒரே நேரத்தில் செலுத்தி இதையே செய்திருந்தார்கள்.

இங்கே மெய்நிகர் என்ற சொல்லுக்கு அளக்கக்கூடிய பொருள் இருக்கிறது. ஒரு கியூபிட் கிளர்ந்திருக்கும்போது ஒத்ததிர்வியில் ஃபோட்டான் இருப்பதற்கான நிகழ்தகவு, இணைப்புக்கும் விலகலுக்கும் உள்ள விகிதத்தின் இருபடி. நம் எடுத்துக்காட்டில் நூற்றில் ஒன்று. ஒத்ததிர்வியின் சுவர்கள் ஃபோட்டானை எவ்வளவு வேகமாக இழந்தாலும், அந்த இழப்பில் நூற்றில் ஒரு பங்கு மட்டுமே கியூபிட்டைத் தாக்கும். அந்த ஒரு பங்கைக் கியூபிட்டின் ஆயுள் குறைவதாக நாங்கள் நேரடியாக அளக்கிறோம். பர்செல் இழப்பு என்று அதற்குப் பெயர். அதைக் குறைப்பதற்கென்றே தனி வடிகட்டிகளை வடிவமைக்கிறோம். ஆய்வகத்தில் வடிகட்டி வைத்துத் தடுக்க வேண்டிய ஒன்றை "வெறும் கணக்கு" என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

ஆனால் எல்லாக் கலப்பும் இப்படி வெளியே கசியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இணைப்பு வலிமை மிகப் பெரிதாகி அதிர்வெண்ணோடு ஒப்பிடத்தக்கதாகும்போது, முழு அமைப்பின் அடிநிலையிலேயே ஃபோட்டான் கலந்துவிடுகிறது. 2010இல் கார்ஷிங்கில் உள்ள வால்ட்டர் மைஸ்னர் நிறுவனத்தில் இந்த விகிதம் 12 சதவீதத்தை எட்டியது. கியூபிட்டும் ஒத்ததிர்வியும் ஒரே அதிர்வெண்ணில் இருக்கும்போது அடிநிலையில் சராசரியாக ஆயிரத்தில் மூன்று, நான்கு பங்கு ஃபோட்டான் இருப்பதாகக் கணக்கு சொல்லும். வழக்கமான வெளியேற்றச் சூத்திரத்தை யோசிக்காமல் போட்டால், அடிநிலையிலிருந்தே ஒளி ஓயாமல் கசிவதாக விடை வரும். அது தவறு, அடிநிலைக்குக் கீழே இறங்குவதற்கு நிலை ஏதும் இல்லை. முழு ஹாமில்டோனியனின் நிலைகளைக் கொண்டு சூத்திரத்தைத் திருத்தி எழுதினால் கசிவு சுழியாகிவிடுகிறது. கிளர்ந்த கியூபிட்டைச் சார்ந்த ஃபோட்டான் கசியும், அடிநிலையைச் சார்ந்தது கசியாது என்ற இந்த வேறுபாட்டை மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் தவறவிட்டு இரண்டு வாரம் தவறான கணக்கோடு போராடியிருக்கிறேன்.

---

மூலக்கூறு_ஆசிரியர் எழுதியது:

நான் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். இளையவர்கள் எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். மெய்க்கும் மெய்நிகருக்கும் நடுவே கூர்மையான கோடு உண்டா என்பதை மட்டும் என் பக்கத்திலிருந்து சேர்க்கிறேன்.

ஒரு மூலக்கூறு ஒளியை வாங்கிக் கிளர்ந்து, அருகிலுள்ள இன்னொரு மூலக்கூறுக்கு அந்த ஆற்றலைக் கைமாற்றுவதை ஃபோர்ஸ்டர் பரிமாற்றம் என்போம். சில நானோமீட்டர் தொலைவில் இது வலுவாக நடக்கும். அதன் வேகம் தொலைவின் ஆறாம் படிக்கு எதிர்விகிதத்தில் குறையும். உயிரியலாளர்கள் புரதத்தின் மடிப்புகளை அளப்பதற்கு இதையே அளவுகோலாகப் பயன்படுத்துகிறார்கள். இதற்கு "கதிர்வீச்சில்லாப் பரிமாற்றம்" என்று பெயர். மறுபக்கம், ஒரு மூலக்கூறு ஒளியை உமிழ, தொலைவில் உள்ள மற்றொன்று அதை உட்கவர்ந்தால், அது தொலைவின் இருபடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். இது எல்லாருக்கும் தெரிந்த மெய் ஃபோட்டான். பல காலம் இவற்றை இரண்டு வெவ்வேறு நிகழ்வுகளாகவே கற்பித்தோம், நானும் அப்படித்தான் கற்பித்தேன்.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் எட்வின் பவர், டேவிட் கிரெய்க், திருநாமச்சந்திரன் ஆகியோர் வளர்த்த மூலக்கூறுக் குவாண்டம் மின்னியக்கவியல் அந்தப் பிரிவினையை நீக்கியது. அந்த முறையில் கணக்கிட்டால், எல்லாத் திசைகளுக்கும் சராசரி எடுத்த பரிமாற்ற வேகம் ஒரே கோவையாக வருகிறது: ஆறாம் படி உறுப்பு, நான்காம் படி உறுப்பு, இரண்டாம் படி உறுப்பு என்று மூன்றும் அதற்குள்ளேயே இருக்கின்றன. தொலைவு அலைநீளத்தை ஆறேகாலால் வகுத்த அளவை விடச் சிறிதாக இருந்தால் முதல் உறுப்பு ஆளுகிறது. பெரிதாக இருந்தால் மூன்றாவது ஆளுகிறது. 600 நானோமீட்டர் ஆரஞ்சு ஒளிக்கு அந்த எல்லை ஏறத்தாழ 95 நானோமீட்டர். நடுவில் எந்த இடத்திலும் முறிவு இல்லை. ஃபோட்டான் உமிழப்பட்டு உட்கவரப்படும் வரையில் அது உள்கோடுதான். விண்மீனிலிருந்து பல்லாண்டுகள் பயணித்து நம் விழித்திரையில் முடியும் ஒளிக்கும் இது பொருந்தும். வெகுதொலைவு செல்வதால் அது சுதந்திர ஃபோட்டானிலிருந்து வேறுபடும் அளவு அறியவே முடியாதபடி சிறுத்துப்போகிறது, அவ்வளவுதான்.

மற்றொன்று. எத்தனை மெய்நிகர் ஃபோட்டான்கள் பரிமாறப்படுகின்றன என்பதே அளவீட்டுத் தெரிவைப் (gauge, அதாவது ஒரே புலத்தை எந்தக் கணித வடிவில் எழுதுகிறோம் என்பதைப்) பொறுத்தது. கூலும் அளவீட்டில் இரு மூலக்கூறுகளுக்கும் நடுவே உடனடியான நிலைமின் இடைவினை ஒன்று நேரடியாக நிற்கும், அதற்கு ஃபோட்டானே தேவையில்லை. பன்முனை வடிவத்துக்கு மாற்றினால் அந்த உடனடி உறுப்பு மறைந்து, எல்லாமே குறுக்கலை ஃபோட்டான்களின் பரிமாற்றமாகிவிடும். இரண்டிலும் பரிமாற்ற வேகம் ஒன்றே. பள்ளியில் சமதள ஆடியின் பிம்பத்தை மாய பிம்பம் என்று படித்தோம். ஆடிக்குப் பின்னால் ஒளி இல்லை என்பதும் உண்மை, அந்தப் பிம்பத்தின் இடத்தைத் துல்லியமாக அளக்கலாம் என்பதும் உண்மை. மாய பிம்பத்துக்கும் மெய்நிகர் ஃபோட்டானுக்கும் ஆங்கிலத்தில் virtual என்ற ஒரே சொல்தான்; தமிழில் இரண்டு இடங்களிலும் நாம் ஆளும் சொற்கள் வேறாக இருந்தாலும், மாணவர்களுக்கு இந்த ஒப்புமை கைகொடுத்தது.

---

கதிர்விலகல் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கடன் பற்றிய பக்கத்தை எடுத்துவிட்டேன். ஐயா சொன்ன ஆறாம் படி, இரண்டாம் படிக் கோவையை ஒரே வரைபடமாக வரைந்து சேர்க்கிறேன்.

ஓர் ஐயம் இன்னும் நிற்கிறது. காசிமிர் விசையில் தட்டுகளுக்கு நடுவே எதுவும் இல்லை. அணு கூட இல்லை. அங்கே வெற்றிடத்தைத் தவிர வேறு எதைக் காரணமாகச் சொல்வது? நகரும் ஆடி வெற்றிடத்திலிருந்து மெய்யான ஃபோட்டான்களையே வெளிக்கொணர்ந்ததாகவும் படித்தேன். அவற்றின் ஆற்றல் யாருடையது?

---

குழியதிர்வு எழுதியது:

தட்டுகளுக்கு நடுவே எதுவும் இல்லை என்பது சரி, ஆனால் தட்டுகள் இருக்கின்றன அல்லவா? விடை அங்கேதான் இருக்கிறது.

ஹென்ட்ரிக் காசிமிர் இந்தக் கேள்விக்கு வந்த வழியே அதைக் காட்டும். ஐந்தோவனில் பிலிப்ஸ் ஆய்வகத்தில் கூழ்மக் கரைசல்களை ஆராய்ந்தவர்கள், துகள்களுக்கு இடையேயான கவர்ச்சி தொலைவில் எதிர்பார்த்ததை விட வேகமாகக் குறைவதைக் கவனித்தார்கள். காசிமிரும் டிர்க் போல்டரும், ஒளி சென்று திரும்பப் பிடிக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்த்தால் ஆற்றல் ஆறாம் படிக்குப் பதிலாக ஏழாம் படியில் குறையும் என்று காட்டினார்கள். அந்த விடை மிக எளிமையாக இருந்ததால், பின்னர் நீல்ஸ் போர் சுழிநிலை ஆற்றலைப் (வெற்றிடத்திலும் புலத்தில் எஞ்சி நிற்கும் ஆற்றலைப்) பற்றிச் சொன்ன ஒரு குறிப்பைப் பிடித்துக்கொண்டு, 1948இல் முழுமையான கடத்தித் தட்டுகளுக்கு இடையேயான விசையைக் காசிமிர் எழுதினார். அலகுப் பரப்பின் மீதான விசை, இடைவெளியின் நான்காம் படிக்கு எதிர்விகிதம். ஒரு மைக்ரோமீட்டரில் அது 1.3 மில்லி பாஸ்கல்; 100 நானோமீட்டரில் 13 பாஸ்கல். 1997இல் ஸ்டீவ் லாமொரோ முறுக்கு ஊசலைக் கொண்டு 0.6 முதல் 6 மைக்ரோமீட்டர் வரையிலான தொலைவில் இதைச் சுமார் 5 சதவீதத் துல்லியத்தோடு அளந்தார். மறு ஆண்டு மொஹிதீனும் ராயும் அணுவிசை நுண்ணோக்கியைக் கொண்டு மேலும் துல்லியமாக அளந்தார்கள்.

காசிமிரின் சூத்திரத்தில் எலக்ட்ரானின் மின்னூட்டம் எங்கும் வராது. அதனால்தான் தட்டுகளுக்கு இதில் பங்கே இல்லை, வெற்றிடமே தள்ளுகிறது என்ற எண்ணம் எழுகிறது. ஆனால் மின்னூட்டம் மறைந்தது, தட்டுகளை முழுமையான கடத்திகள் என்று கொண்டதால். ராபர்ட் ஜாஃபே 2005இல் இதைத் தெளிவாக எடுத்துக்காட்டினார்: ஒளியும் பொருளும் இணையும் வலிமையைக் குறிக்கும் நுண்கட்டமைப்பு மாறிலியைச் சுழியை நோக்கிக் குறைத்தால் விசையும் சுழியாகிறது. லிஃப்ஷிட்ஸ் 1950களின் நடுவில் தந்த கோட்பாட்டில் விசை முழுவதும் தட்டுகளின் மின்கடத்தாப் பண்பிலிருந்தே வருகிறது. மின்னோட்டங்களின் ஏற்ற இறக்கங்கள் புலத்தின் வழியே ஒன்றையொன்று உணர்வதாக அதைப் படிக்கலாம். இதே கோட்பாடு, பொருள்களைத் தக்கபடி தேர்ந்தால் விசை விலக்கமாகவும் மாறும் என்று சொன்னது; தங்கத்துக்கும் சிலிக்காவுக்கும் நடுவே புரோமோபென்சீன் என்ற திரவத்தை வைத்து 2009இல் அது அளந்தே காட்டப்பட்டது. வெற்றிடத்தைப் பற்றி மட்டும் பேசினால் புரோமோபென்சீனுக்கு அங்கே என்ன வேலை என்று சொல்ல முடியாமல் போய்விடும். சுழிநிலை ஆற்றல் வழியான கணக்கும் சரியானதே. ஆனால் அது ஒன்றே வழி என்று கொள்வதற்கு இடமில்லை.

நகரும் ஆடியின் கேள்விக்கு விடை நேரடியானது: ஆற்றல் ஆடியை ஆட்டுபவருடையது. ஆடும் ஆடி ஃபோட்டான்களை எப்போதும் இணையாகவே உண்டாக்குகிறது. இணையின் இரண்டு அதிர்வெண்களையும் கூட்டினால் ஆடியை ஆட்டும் அதிர்வெண் வரும். உண்மையான ஆடியை வைத்து இதைச் செய்வது ஏறத்தாழ முடியாத காரியம். ஒரு நானோமீட்டர் வீச்சில் நொடிக்கு நூறு கோடி முறை ஆட்டினாலும் அதன் உச்ச வேகம் ஒளியின் வேகத்தில் ஐந்து கோடியில் ஒரு பங்குதான். 2011இல் கோத்தன்பர்க்கில் உள்ள சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில், மீக்கடத்துக் கம்பியின் முனையில் ஒரு ஸ்குவிட் வளையத்தை (காந்தப் பாயத்துக்கு ஏற்பப் பண்பு மாறும் மீக்கடத்து வளையத்தை) வைத்து, அதன் வழியே செல்லும் காந்தப் பாயத்தை சுமார் 11 கிகா ஹெர்ட்ஸில் மாற்றினார்கள். பொருள் எதுவும் நகரவில்லை. கம்பியின் மின்சார நீளம் மட்டும் நீண்டு சுருங்கியது. ஃபோட்டான்களுக்கு அது நகரும் ஆடியே.

---

உறைகலம் எழுதியது:

அந்தச் சோதனையைப் பற்றி ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன், கருத்தரங்கில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். 5 கிகா ஹெர்ட்ஸை ஒட்டிச் சிறிது நுண்ணலைச் சத்தம் கிடைத்தது என்பது மட்டும் எதையும் நிறுவாது. பெருக்கிகளே அதைவிடக் கூடுதலாகச் சத்தம் போடும். சிப்பைச் சில பத்து மில்லி கெல்வினுக்குக் குளிர்வித்ததால் வெப்ப ஃபோட்டான்கள் பெரும்பாலும் ஒழிந்தன. அதற்கு மேலும், ஆட்டும் அதிர்வெண்ணில் பாதிக்கு மேலே ஓர் அதிர்வெண்ணையும் அதே அளவு கீழே ஓர் அதிர்வெண்ணையும் ஒரே நேரத்தில் பதிவு செய்து, இரண்டின் ஏற்ற இறக்கங்களும் ஒன்றோடொன்று பூட்டியிருக்கின்றனவா என்று பார்த்தார்கள். பூட்டியிருந்தன, ஆட்டுவதை நிறுத்தியதும் அந்தத் தொடர்பு மறைந்தது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு பதிவும் சாதாரணச் சத்தம் போலவே இருக்கும். உங்கள் பக்கத்தில் அந்த இரண்டு பதிவுகளையும் ஒன்றின் எதிரே ஒன்றாக வைத்து வரையப்பட்ட படத்தைப் போடுங்கள். வட்டமாக இருக்க வேண்டிய புள்ளிக்கூட்டம் ஒரு திசையில் நீண்டும் மறு திசையில் நெருக்குண்டும் நிற்பதே அங்கே பார்க்க வேண்டியது.